பிஇஎஸ் 6, பிஎஸ்2: மெமரி கார்டில் மாஸ்டர் லீக் தெரிகிறது, ஆட்டத்துக்குள் போனால் "டேட்டா இல்லை" என்கிறது. உதவுங்கள்

மினாண்டா_10 எழுதியது:

வணக்கம் நண்பர்களே. பிளேஸ்டேஷன் 2-இல் புரோ எவல்யூஷன் சாக்கர் 6 ஆடுகிறவர்கள் யாராவது இன்னும் இருந்தால் கொஞ்சம் பாருங்கள்.

என்னிடம் இருந்தது இந்தியாவில் வாங்கிய, ஐரோப்பிய டிஸ்க் ஓடும் குண்டு மாடல் பிஎஸ்2. அது டிஸ்க்கைப் படிப்பதை நிறுத்திவிட்டது. எந்த டிஸ்க்கைப் போட்டாலும் சிவப்புத் திரைதான், பிளேஸ்டேஷன் டிஸ்க்கைப் போடு என்கிறது. கனடாவிலிருந்து வந்த என் பெரியப்பா மகன் தன்னுடைய பிஎஸ்2 ஸ்லிம்மை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். கூடவே அங்கே வாங்கிய "வின்னிங் லெவன்: புரோ எவல்யூஷன் சாக்கர் 2007" டிஸ்க். பெயர்தான் வேறு, ஆட்டம் நம்ம பிஇஎஸ் 6 தான்.

இரண்டு பிரச்சினை. என் பழைய மெமரி கார்டை ஸ்லிம்மில் செருகி, கன்சோலின் பிரவுசர் மெனுவில் பார்த்தால் மாஸ்டர் லீக் (ஒரு அணியைச் சீசன் சீசனாக நடத்தும் பகுதி), ஆப்ஷன் ஃபைல் (நாம் திருத்திய அணிப் பெயர், ஜெர்சி எல்லாம் இருப்பது) இரண்டுமே அழகாகத் தெரிகின்றன. ஆட்டத்தைப் போட்டு லோட் கொடுத்தால் டேட்டாவே இல்லை என்கிறது.

அடுத்தது, புது எல்இடி டிவியில் ஆட்டம் ஒட்டவே இல்லை. பாஸ் பட்டனை அழுத்தினால் பந்து தாமதமாகப் போகிறது. ஷாட் எல்லாம் கம்பத்துக்கு மேலே பறக்கிறது. பிரேசில் வீரர் அட்ரியானோவை வைத்துக்கொண்டு கோல் அடிக்க முடியவில்லை என்றால் எங்கேயோ தப்பு இருக்கிறது.

டிவி விஷயம் மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம். எனக்கு முக்கியம் அந்த மாஸ்டர் லீக். நானும் என் தம்பியும் காஸ்டோலோ, மினாண்டா, இவரோவ் என்று ஆரம்பத்தில் தரும் அணியோடு இரண்டாம் டிவிஷனில் தொடங்கி மேலே ஏறியது. காஸ்டோலோவைக் கடைசி வரை விற்கவே இல்லை. தம்பி இப்போது வெளியூரில் வேலை பார்க்கிறான். பொங்கலுக்கு வரும்போது அதே சீசனைத் தொடர வேண்டும்.

---

சால்டர்_புகை எழுதியது:

மற்றதெல்லாம் அப்புறம் தம்பி. முதலில் ஸ்லிம்முக்குக் கரண்ட் எப்படிக் கொடுக்கிறீர்கள்? கனடாவில் 120 வோல்ட், நம் வீட்டில் 230. வெளியே தனி அடாப்டர் உள்ள ஸ்லிம் என்றால் அடாப்டரின் அடியில் இன்புட் என்ன போட்டிருக்கிறது என்று படியுங்கள். 100-240 என்றால் பிளக்கின் மூக்கை மாற்றும் சாதாரண கன்வெர்ட்டர் போதும். 120 மட்டும் என்றால் ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் செருகவே கூடாது.

கடைசியாக வந்த 90000 வரிசை ஸ்லிம்மில் அடாப்டர் கிடையாது, பவர் சப்ளை பெட்டிக்குள்ளேயே இருக்கும். அந்த மாடலில் இன்னும் கவனம் வேண்டும். வெளிநாட்டு உறவினர் கொடுத்த கன்சோலை அப்படியே நம் சுவரில் செருகிக் கருகவிட்டு என் மேசைக்குக் கொண்டுவந்தவர்கள் பலர்.

---

மினாண்டா_10 எழுதியது:

அண்ணா, அடாப்டர் தனியாகத்தான் இருக்கிறது. 100-240 என்று போட்டிருக்கிறது.

---

நடுக்கள_வீரன் எழுதியது:

சரி, அப்படியானால் கார்டு விஷயத்துக்கு வருவோம். உங்கள் கார்டில் கோளாறு இல்லை, சேவ் கெடவும் இல்லை. மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

பிஎஸ்2 மெமரி கார்டுக்கு நாடு கிடையாது. எந்த நாட்டுக் கன்சோலில் செருகினாலும் வேலை செய்யும். அதனால்தான் பிரவுசரில் எல்லாம் தெரிகிறது. ஆனால் கார்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு சேவுக்கும் ஒரு கோப்புறைப் பெயர் உண்டு. ஐரோப்பிய டிஸ்க்கில் உருவான சேவ் என்றால் அந்தப் பெயர் பெரும்பாலும் "பிஇஎஸ்எல்இஎஸ்" என்ற எழுத்துகளில் தொடங்கும், பின்னால் அந்த டிஸ்க்கின் எண் வரும். அமெரிக்க டிஸ்க் என்றால் "பிஏஎஸ்எல்யுஎஸ்". ஆட்டம் கார்டு முழுவதையும் தேடாது. தன் எண்ணோடு உள்ள கோப்புறையை மட்டும்தான் தேடும். நீங்கள் இப்போது போட்டிருப்பது வட அமெரிக்க டிஸ்க். அது தன் பெயரில் எதுவும் இல்லாததால் டேட்டா இல்லை என்கிறது.

ஆட்டம் ஒன்றுதான் என்று நீங்கள் சொல்வது ஆடும் முறையில் சரி. ஐரோப்பாவில் 2006 அக்டோபரில் பிஇஎஸ் 6 என்று வந்தது, வட அமெரிக்காவில் 2007 பிப்ரவரியில் வின்னிங் லெவன் பெயரோடு வந்தது. இரண்டும் கொனாமி செய்ததுதான். கன்சோலின் கண்ணுக்கு மட்டும் அவை இரண்டு தனித்தனி ஆட்டங்கள்.

ஒரு எச்சரிக்கை: எந்தத் திரையிலாவது "கார்டை ஃபார்மட் செய்யலாமா" என்று கேட்டால் வேண்டாம் என்றே கொடுங்கள். அதில் ஆம் கொடுத்துவிட்டால் யாராலும் உதவ முடியாது.

---

மினாண்டா_10 எழுதியது:

அப்பாடா, சேவ் உயிரோடு இருக்கிறது என்பதே பெரிய நிம்மதி சகோ. அந்தக் கோப்புறைப் பெயரைக் கம்ப்யூட்டரில் மாற்றிவிட்டால் அமெரிக்க டிஸ்க் ஏற்குமா? இல்லையென்றால் என் பழைய ஐரோப்பிய டிஸ்க்கை ஸ்லிம்மில் போடலாமா?

---

நடுக்கள_வீரன் எழுதியது:

இரண்டுமே நடக்காது. டிஸ்க்குக்கு நாட்டுப் பூட்டு உண்டு. ஐரோப்பிய டிஸ்க்கைக் கனடா ஸ்லிம் எடுக்காது, கனடா டிஸ்க்கை உங்கள் குண்டு மாடலும் எடுக்காது. பெயர் மாற்றும் யோசனையையும் விட்டுவிடுங்கள். சேவுக்குள் சரிபார்ப்பு எண் இருக்கிறது, உள்ளடக்கமும் பூட்டித்தான் இருக்கும். ஆப்ஷன் ஃபைலுக்கு மட்டும் ரசிகர்கள் செய்த எடிட்டர்கள் உண்டு. அணிப் பெயர், ஜெர்சி, வீரர் மாற்றம் இவற்றைக் கம்ப்யூட்டரில் திருத்தலாம். மாஸ்டர் லீக் சேவில் அப்படிக் கைவைத்தால் வருஷக்கணக்கில் சேர்த்ததைப் பணயம் வைக்கிற மாதிரி.

உங்களுக்கு உள்ள நேர்வழி: ஐரோப்பிய டிஸ்க், அதைப் படிக்கும் நம் ஊர் கன்சோல். ஒன்று பழைய குண்டு மாடலைச் சரிசெய்யுங்கள், இல்லையென்றால் இங்கேயே விற்ற ஒரு ஸ்லிம்மை செகண்ட் ஹேண்டில் தேடுங்கள்.

எதைத் தொடுவதற்கு முன்பும் இன்னொரு கார்டு வாங்கி இரண்டாம் ஸ்லாட்டில் போட்டு, பிரவுசரில் காப்பி கொடுங்கள். அதற்கு டிஸ்க்கே தேவையில்லை, ஸ்லிம்மிலேயே செய்யலாம். சில ஆட்டங்களின் சேவ் காப்பி ஆகாது, அப்படியானால் திரையிலேயே சொல்லிவிடும். அசல் 8 எம்பி கார்டாகப் பாருங்கள். 64, 128 என்று பெரிய எண் போட்ட பெயர் தெரியாத கார்டுகளில் அரிய சேவ் ஃபைலை வைக்காதீர்கள்.

---

புது_தலைமுறை எழுதியது:

இவ்வளவு சிரமம் எதற்கு? அதன் வாரிசு இஃபுட்பால் இலவசமாகவே கிடைக்கிறதே. இல்லையென்றால் பிஇஎஸ் 6 எக்ஸ்பாக்ஸ் 360-க்கும் வந்ததே, அதைத் தேடலாமே?

---

இடது_கால் எழுதியது:

நண்பா, அவர் கேட்பது ஒரு கால்பந்து ஆட்டம் அல்ல, தன் தம்பியோடு பாதியில் நிற்கும் சீசன். 2021-இல் பிஇஎஸ் பெயரை எடுத்துவிட்டு இஃபுட்பால் வந்தபோது மாஸ்டர் லீக்கே அதில் இல்லை. 360 பதிப்பில் எடிட் வசதியைப் பெரிதும் வெட்டிவிட்டார்கள். பிஎஸ்2-இல் அந்த ஆட்டம் முழுதாக இருக்கிறது. லைசென்ஸ் இல்லாத லிவர்பூல் "மெர்சிசைட் ரெட்" என்று வரும், செல்சி "லண்டன் எஃப்சி" என்று வரும். உட்கார்ந்து ஒவ்வொரு பெயராக, ஜெர்சியாக நாமே திருத்துவோம். அந்த உழைப்பெல்லாம் இவருடைய ஆப்ஷன் ஃபைலில் இருக்கிறது. காப்பாற்ற வேண்டிய பொருள்தான்.

இப்போது டிவிக்கு வருகிறேன், இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஷாட் மேலே பறப்பதற்குக் காரணம் அட்ரியானோ அல்ல, டிவி. இந்த ஆட்டத்தில் சதுர பட்டனை எவ்வளவு நேரம் அழுத்திப் பிடிக்கிறோமோ அவ்வளவு பவர் பார் நிரம்பும். பார் பாதியைத் தொடும்போது விரலை எடுக்க நம் கை பழகியிருக்கிறது. டிவி படத்தைத் தாமதமாகக் காட்டினால், நீங்கள் திரையில் பாதியைப் பார்க்கும் நேரத்தில் கன்சோலுக்குள் பார் ஏற்கெனவே அதைத் தாண்டிவிட்டது. விரலை எடுக்கும்போது பந்து கேலரிக்குப் போகிறது. வட்டத்தில் கொடுக்கும் கிராஸும், முக்கோணத்தில் கொடுக்கும் த்ரூ பாலும் இதே கதைதான். ஆஃப்சைடு கோட்டைத் தாண்டும் அந்த நொடி கைக்குச் சிக்காது.

தாமதம் எங்கிருந்து வருகிறது? பிஎஸ்2 பெரும்பாலும் அனுப்புவது இன்டர்லேஸ் படம். ஒரு முறை ஒற்றைப்படை வரிகள், அடுத்த முறை இரட்டைப்படை வரிகள். பழைய ட்யூப் டிவி வந்ததை வந்தபடி வரைந்துவிடும். எல்இடி டிவி அப்படிச் செய்யாது. இரண்டையும் சேர்த்து ஒரு முழுப் படமாக்கி, பெரிதாக்கி, மெருகேற்றித்தான் காட்டும். உங்கள் ஸ்லிம் விநாடிக்கு சுமார் 60 முறை படம் அனுப்புகிறது. டிவி 100 மில்லிவிநாடி எடுத்துக்கொண்டால் ஆறு படம் பின்தங்கிவிடுகிறீர்கள். அது ஒரு டிஃபென்டர் காலை நீட்டப் போதுமான நேரம்.

செய்ய வேண்டியது: டிவியில் அந்த இன்புட்டுக்கு கேம் மோடைப் போடுங்கள். மோஷன் ஸ்மூத், நாய்ஸ் ரிடக்ஷன், ஷார்ப்னஸ் கூட்டும் வசதிகள் எல்லாவற்றையும் அணையுங்கள். மஞ்சள் பின்னை விட்டுவிட்டு பச்சை, நீலம், சிவப்பு உள்ள கம்போனென்ட் கேபிளுக்கு மாறினால் படம் தெளிவாகும். அந்தக் கேபிளை மாட்டும் முன்பே, மஞ்சள் பின்னில் இருக்கும்போதே, சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் கம்போனென்ட் வீடியோ அவுட்டை ஆர்ஜிபியிலிருந்து ஒய்-சிபி-சிஆருக்கு மாற்றிவிடுங்கள். மறந்தால் நிறம் எல்லாம் கெட்டுப்போய்த் தெரியும். டிவியில் கம்போனென்ட் துளை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், புது டிவிகளில் அரிது.

வீட்டில் ஒரு ட்யூப் டிவி கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள். இந்த ஆட்டத்துக்கு அதைவிட நல்ல திரை கிடையாது. ஆனால் கனடா கன்சோல் என்டிஎஸ்சி என்ற வட அமெரிக்க டிவி முறையில் சிக்னல் கொடுக்கும். நம் ஊர்ப் பழைய டிவி அதை எடுக்காவிட்டால் கறுப்பு வெள்ளையாகவோ, உருண்டுகொண்டேயோ தெரியும்.

---

சால்டர்_புகை எழுதியது:

தம்பி, குண்டு மாடலைத் தூக்கிப் போட்டுவிடவில்லையே? அடிப்பக்கம் நீல நிறமாக இருக்கும் பிஎஸ்2 டிஸ்க் ஏதாவது வீட்டில் உண்டா? அது சிடி. பிஇஎஸ் 6 டிவிடி. லென்ஸ் ஒன்றுதான், ஆனால் சிடிக்கும் டிவிடிக்கும் தனித்தனி லேசர். நீல டிஸ்க் ஓடி வெள்ளி டிஸ்க் ஓடாவிட்டால் மோட்டார், போர்டு எல்லாம் நன்றாக இருக்கிறது, டிவிடி லேசர் பக்கம்தான் சிக்கல் என்று தெரிந்துவிடும். பாதி நேரம் அது வெறும் தூசி.

திறந்து லென்ஸைத் துடையுங்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், 99 சதவீதம், எலக்ட்ரானிக்ஸ் சாமான் கடையில் கிடைக்கும். சென்ட், சானிடைசர் வேண்டாம். பட்ஸில் ஒரு சொட்டு, நடுவிலிருந்து வெளியே மெதுவாக, அழுத்தவே கூடாது. லென்ஸ் மெல்லிய கம்பியில் தொங்குகிறது. காய்ந்த பிறகு போட்டுப் பாருங்கள். அதற்கும் படிக்காவிட்டால் லேசர் யூனிட்டை மாற்றலாம். பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகைத் திருப்பினால் சரியாகும் என்று வீடியோக்கள் சொல்லும். செய்யாதீர்கள். கரண்ட் கூடினால் கொஞ்ச நாள் நன்றாகப் படித்துவிட்டு லேசர் ஒரேயடியாகப் போய்விடும்.

டிஸ்க்கையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகும் கீறல் என்றால் பெரும்பாலும் சமாளித்துவிடும். தடத்தோடு வட்டமாகப் போகும் கீறல்தான் கெட்டது.

---

மினாண்டா_10 எழுதியது:

எல்லோருக்கும் பெரிய நன்றி. நடந்ததைச் சொல்கிறேன், இதே பிரச்சினையோடு வேறு யாராவது வந்தால் உதவும்.

முதலில் ஒரு அசல் கார்டு வாங்கி ஸ்லிம்மிலேயே காப்பி எடுத்தேன். இரண்டு ஃபைலும் மறுப்பில்லாமல் ஏறின. அப்புறம் குண்டு மாடலில் நீல டிஸ்க் ஒன்றைப் போட்டேன், ஓடியது! சால்டர் அண்ணா சொன்னபடி லென்ஸைத் துடைத்தேன், பட்ஸ் கறுத்துவிட்டது. ஐரோப்பிய டிஸ்க்கில் வட்டக் கீறல் இல்லை. போட்டதும் கொஞ்சம் யோசித்தது, பிறகு கொனாமி லோகோ வந்தது. மாஸ்டர் லீக் அப்படியே இருக்கிறது. காஸ்டோலோ இன்னும் முன்வரிசையில்தான்.

டிவியில் கேம் மோட் போட்டதில் பெரும்பகுதி சரியானது. கம்போனென்ட் துளை என் டிவியில் இல்லை. தம்பிக்குப் படம் அனுப்பியிருக்கிறேன், இவரோவை மாற்றிவிட்டாயா என்றுதான் முதலில் கேட்டான்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. லென்ஸ் மறுபடி தகராறு செய்தால், கார்டில் இருப்பதைக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்ள வழி உண்டா?

---

நடுக்கள_வீரன் எழுதியது:

உண்டு. பிஎஸ்3-இல் பழைய கார்டுகளைப் படிப்பதற்காக சோனி ஒரு மெமரி கார்டு அடாப்டர் விற்றது. யுஎஸ்பி வழியாகக் கம்ப்யூட்டரில் மாட்டி, ரசிகர்கள் எழுதிய மென்பொருளால் சேவ் ஃபைலை எடுத்து வைக்கலாம். அசல் கார்டை எடுத்துக்கொள்ளும். மேஜிக்கேட் என்ற சோனியின் பாதுகாப்பு வசதி இல்லாத மலிவு கார்டுகளை ஏற்காது, அதனால்தான் அசலாக வாங்கச் சொன்னேன். இப்போதைக்கு ஆடுவதற்கு ஒரு கார்டு, பெட்டியில் ஒரு கார்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சீசன் முடிந்ததும் பெட்டியில் இருப்பதைப் புதுப்பியுங்கள். சேவ் ஆகும்போது கார்டைப் பிடுங்கவோ, சுவிட்சை அணைக்கவோ கூடாது என்று தம்பியிடமும் சொல்லிவிடுங்கள்.

---

சால்டர்_புகை எழுதியது:

லேசர் யூனிட் வாங்கும் நாள் வந்தால் கன்சோலின் பின்னால் எஸ்சிபிஹெச் என்று தொடங்கும் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். குண்டு மாடல்களிலேயே லேசர் வகை மாறும். சென்னை வரும் வாய்ப்பு இருந்தால் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் உள்ள ரிச்சி தெருவில் விசாரித்துப் பாருங்கள், பழைய யூனிட்டையும் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள்.