மறு: பைசஸ்: ஒட்டிழையா, பற்றுநாரா?

டீச்சர், வணக்கம்.

சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்து சிப்பிக்குச் சொல் தேடுவது பொருத்தம்தான், ஊர்ப் பெயரிலேயே சிப்புட் (மலாயில் நத்தை, சிப்பி) இருக்கிறது. ஆனால் சிப்பி பாறையைப் பிடித்துக்கொள்ளச் சுரக்கும் நார்க்கற்றையான பைசஸுக்கு நீங்கள் சொன்ன ‘ஒட்டிழை’ எனக்குச் சரிப்படவில்லை.

சந்தையில் சிப்புட் சூடு என்ற சிப்பி (மலாயில் சூடு என்றால் கரண்டி, ஓட்டின் உருவம் அப்படி) ஒன்றைக் கையில் எடுங்கள். ஓட்டின் இடுக்கில் பழுப்புத் தாடி தொங்கும், அதுதான் பைசஸ். ஒவ்வொரு நார் நுனியிலும் தட்டையாக ஒரு சின்ன வில்லை. பாறையைப் பிடிப்பது அந்த வில்லைதான். நாரின் வேலை, அலை இழுக்கும்போது அறுந்துவிடாமல் நீண்டு கொடுப்பது. எல்லாவற்றையும் ‘ஒட்டு’ என்றால் இந்த வேறுபாடு போய்விடும். ‘இழை’யும் ஆகாது. அதே சிப்பிக்குள் செவுள் இழை இருக்கிறதே, தேர்வுத்தாளில் பிள்ளைகள் குழம்புவார்கள்.

நார் உருவாகும் விதம்: சிப்பியின் பாதத்தின் (நாக்குப் போன்ற தசை உறுப்பு) அடியில் நீளவாக்கில் ஒரு பள்ளம். பாதத்தைப் பாறையில் அழுத்தியதும் சுரப்பிகள் புரதக் கூழை அந்தப் பள்ளத்தில் விடும். சில நிமிடத்தில் கூழ் இறுகி நாராகும். ரப்பர் பால் கட்டுவதுபோல என்று வகுப்பில் சொல்லலாம், ஆனால் ரசாயனம் தலைகீழ். பாலைக் கட்ட பார்மிக் அமிலம் ஊற்றுகிறோம். இங்கே கூழ்தான் அமிலத்தன்மையோடு வரும், சற்றுக் காரத்தன்மையுள்ள (பி.எச். சுமார் 8) கடல்நீர் பட்டதும் இறுகும்.

மிளகுக்கொடிக்குப் ‘பற்றுவேர்’ என்கிறோமே, அதே வழியில் பற்றுநார். நுனிக்கு ஒட்டுவில்லை.

----

ஐயா, வணக்கம்.

செவுள் இழையை நான் யோசிக்கவில்லை, ‘ஒட்டிழை’யை விட்டுவிடுகிறேன். ஆனால் ‘நார்’ தசைநாரோடு இடிக்கிறது. தாடியை உள்ளிழுக்கும் தசையும் பக்கத்திலேயே இருக்கிறது. அதை ‘நார் இழுதசை’ என்று பிரித்து எழுதினால் சமாளிக்கலாம்.

இன்னொரு சொல்லும் வேண்டும். நார்கள் எல்லாம் உள்ளே ஒரே தண்டில் சேர்கின்றன. அதற்கு ‘நார்த்தண்டு’ போதுமா? செய்முறை வகுப்பில் தகராறு வருவது அங்கேதான். பிள்ளைகள் தாடியை வெடுக்கென்று பிடுங்க, தண்டோடு சதையும் கிழிந்து வருகிறது, பிறகு பாதமும் சுரப்பியும் படத்தில் இருப்பதுபோல் தெரிவதில்லை. நாரை ஓட்டோரமாகக் கத்தரித்து, தண்டை உள்ளேயே விட்டுத் திறக்க வேண்டும். குறிப்பேட்டில் ‘நார்த்தண்டை இழுக்காதே’ என்று ஒரு வரி எழுத இந்தச் சொல் இருந்தால் எனக்கு வசதி.