ஹெடர் மாட்டியதும் இன்ஜின் லைட்: ஸ்பேசர் போடலாமா?

கோபிக்காரன்:
வணக்கமுங்க. 2018 பிஎஸ்4 பெட்ரோல் வண்டி. கம்பெனி புகை மேனிபோல்டைக் கழற்றிவிட்டு, நாலு சிலிண்டர் புகைக் குழாயும் ஒன்றாகச் சேரும் 4-க்கு-1 ஹெடரும் நேர் பைப்பும் போட்டிருக்கிறேன். புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டர் மேனிபோல்டோடு சேர்ந்தே போய்விட்டது. இப்போது இன்ஜின் லைட் அணைய மாட்டேன் என்கிறது, ஸ்கேனரில் பி0420 கோடு. மைலேஜும் விழுந்துவிட்டது. திம்பம் ஏறினால் 27 கொண்டை ஊசி வளைவும் முடிகிறவரை பெட்ரோல் வாடை. பட்டறையில், புகையில் ஆக்சிஜன் பார்க்கும் இரண்டு ஓ2 சென்சாரையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமுங்களா?

கருமத்தம்பட்டி டர்போ:
சென்சாருக்குக் காசைக் கொட்டாதீங்க. பி0420 என்றால் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று அர்த்தம். இல்லாதது எப்படி வேலை செய்யும்? முன் சென்சார்தான் பெட்ரோல் அளவுக்கு. பின் சென்சார் கன்வெர்ட்டரை வேவு பார்க்க மட்டும். கணபதிப் பக்கம் ஏதாவது லேத்தில் 18 எம்எம், 1.5 பிட்ச் மரையில் ஸ்பேசர் கடைந்து பின் சென்சாருக்கு அடியில் கொடுங்கள். சென்சார் புகையோட்டத்தை விட்டுத் தள்ளி நிற்கும், லைட் அணையும். ஜோலி முடிந்தது.

சங்ககிரி டூல்பாக்ஸ்:
முடியாதுங்க. கோபித் தம்பி சொல்வது இரண்டு தனித்தனிக் கோளாறு. பி0420-ஆல் மட்டும் மைலேஜ் இப்படி விழாது. எனக்கு ஹெடர் பேக்கிங் மேல்தான் சந்தேகம். புகை விட்டு விட்டு வருவதால், ஹெட்டோடு ஹெடர் சேரும் இடத்தில் மயிரிழை சந்து இருந்தாலும் போதும், இடையிடையே வெளிக்காற்றை உள்ளே இழுத்துவிடும். அந்த ஆக்சிஜனைப் பார்த்து முன் சென்சார் பெட்ரோல் போதவில்லை என்று சொல்லும், இன்ஜின் கம்ப்யூட்டரான ஈசியு இன்னும் ஊற்றும். வாடைக்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும்.

காலையில் இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது ஸ்டார்ட் செய்து பானெட்டைத் திறந்து கேளுங்கள். டிக்டிக்கென்று அடித்து, சூடேறியதும் குறைந்தால் லீக்தான். ஹெட்டோடு ஹெடர் சேரும் ஃபிளாஞ்ச் ஓரத்தில் கரிக்கோடு தெரியும். ஸ்கேனரில் லாங் டேர்ம் ட்ரிம்மும் பாருங்கள், ஈசியு பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்ற கணக்கு அது. பிளஸ் 10 சதவீதத்தைத் தாண்டி நின்றால் ஈசியு ஏமாந்துகொண்டிருக்கிறது. சென்சார் ஒயர் ஹெடரில் பட்டு உருகியிருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள், வண்டி ஆறின பிறகு. லீக்கை அடைக்க சாதா சிலிகான் பேஸ்ட் மட்டும் வேண்டாம். அதன் ஆவி நல்ல சென்சாரையும் கெடுத்துவிடும்.

கருமத்தம்பட்டி டர்போ:
லீக் விஷயம் சரிங்க. அடைத்த பிறகு ஸ்பேசர் போட்டால் என்ன தப்பு? செட்டிபாளையம் பந்தய டிராக்கில் பின் சென்சாரை யார் சீந்துகிறார்கள்?

சங்ககிரி டூல்பாக்ஸ்:
பந்தயத்துக்கு மட்டும் இறங்கும் வண்டி வேறு, சந்தைக்கும் கோயிலுக்கும் போகிற வண்டி வேறு. சரி, ஸ்பேசர் கதைக்கே வருகிறேன். நல்ல கன்வெர்ட்டர் இருந்தால் பின் சென்சார் 0.6, 0.7 வோல்ட் பக்கம் அசையாமல் நிற்கும். கன்வெர்ட்டரே இல்லாவிட்டால் முன் சென்சாரைப் போலவே 0.1-க்கும் 0.9-க்கும் நடுவே ஆடும். ஸ்பேசர் அந்த ஆட்டத்தை மட்டுப்படுத்தும், அவ்வளவுதான். நிறைய வண்டியில் கொஞ்ச நாளில் லைட் திரும்பி வரும். அப்புறம், வேவு பார்க்க மட்டும் என்றீர்களே, பல ஈசியுக்கள் பின் சென்சாரை வைத்தும் பெட்ரோலை நுணுக்கமாகத் திருத்துகின்றன. அதையும் சேர்த்துக் குழப்பிவிடுவீர்கள்.

ஆழியார் செக்போஸ்ட்:
ஸ்பேசர் ஏமாற்றுவது ஈசியுவை மட்டும். புகைச் சோதனைக்காரர் கம்பியை வால் பைப்பில் அல்லவா விடுகிறார்? பிஎஸ்4 பெட்ரோல் காருக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கன்வெர்ட்டர் இல்லாமல் அது தேறுவது கஷ்டம். மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-ல் அபராதமே 10,000 ரூபாய் வரை இருக்கிறது, மூன்று மாதம் வரை ஜெயிலும் உண்டு.

கருமத்தம்பட்டி டர்போ:
அவிநாசி ரோட்டில் கரும்புகை கக்கும் டெம்போவை விட்டுவிட்டு கோபிக்காரரைத்தான் பிடிக்கப் போகிறார்களாக்கும்!

கோபிக்காரன்:
ஹெடருக்குக் கீழே, சதுர அங்குலத்துக்கு 200 துளை இருக்கும் 200 செல் மெட்டல் கன்வெர்ட்டர் வெல்டு செய்தால்?

சங்ககிரி டூல்பாக்ஸ்:
சும்மா விடுவதற்கு அது எவ்வளவோ மேல். ஆனால் கம்பெனி கன்வெர்ட்டர் அளவுக்குச் சுத்தம் செய்யாது, பி0420 மறுபடி எட்டிப் பார்க்கலாம். பழைய மேனிபோல்டை எடைக்குப் போட்டுவிடவில்லையே? இருந்தால் அதையே திரும்ப ஏற்றச் சொல்வேன். எதுவானாலும் முதலில் பேக்கிங். வாங்கும்போது ஸ்டட்டும் நட்டும் புதுசாக வாங்குங்க, பழசு முறுக்கும்போதே அறுந்துவிடும்.

கருமத்தம்பட்டி டர்போ:
மேனிபோல்டைத் திரும்ப ஏற்றுவதற்கா ஹெடர் வாங்கினார்? என் ஓட்டு 200 செல்லுக்கு, கூடவே ஸ்பேசருக்கும்.