கண்ணு மங்கல், காது மட்டும் பளிச்! எந்த ஃபோகஸ் மோடு வைக்கிறது?

கேள்வி:
கேமராவோட வந்த கிட் லென்ஸ்ல எடுத்தப்போ எல்லாமே ஒழுங்காதான் வந்துட்டு இருந்துச்சு, 50 எம்எம் எஃப் 1.8 மாட்டினதுல இருந்து போர்ட்ரெய்ட் பாதிக்கு பாதி சொதப்புது. நடு ஃபோகஸ் பாயிண்ட்டை கண்ணுல வச்சு ஷட்டர் பட்டன பாதி அமுக்கி, பீப் வந்ததும் கேமராவ திருப்பி ஃப்ரேம் பண்ணி எடுக்குறேன். பெருசு பண்ணி பாத்தா காது ஷார்ப், கண்ணு மங்கல். ஓடுற பசங்கள எடுத்தா சுத்தமா வேஸ்ட்டு. லென்ஸ்ல கோளாறா, என் கையிலயா?

பதில் 1:
லென்ஸ திட்டாதீங்க ப்ரோ. ஒரு மீட்டர் தூரத்துல அபர்ச்சர, அதாவது லென்ஸ் திறப்ப, 1.8ல வச்சா ஃபுல் ஃப்ரேம்லயே (பெரிய சென்சார்) ஷார்ப்பா வர்ற ஆழம் மொத்தமா 4 சென்டிமீட்டர் சுமார்தான், அதவிட சின்னதான கிராப் சென்சார்னா 3 கூட தேறாது. லாக் பண்ணிட்டு கேமராவ திருப்புறீங்கல்ல, அப்போ ஃபோகஸும் கூடவே சுத்தி கண்ணுக்கு பின்னாடி போய் விழுந்துடுது, அங்கதான் காது இருக்கு! கிட் லென்ஸ்ல 5.6ல எடுத்தப்போ ஆழம் ஜாஸ்தி, அதனால இந்த தப்பு வெளிய தெரியல, அவ்ளோதான். திருப்புறத விட்டுட்டு பாயிண்ட்டையே கண்ணு மேல நகத்துங்க. மிரர்லெஸ் கேமரான்னா பெரும்பாலும் ஐ ஏஎஃப் (கண்ண தேடுற ஆட்டோ ஃபோகஸ்) இருக்கும், அதுவே கண்ண புடிச்சுக்கும்.

பதில் 2:
பசங்க மேட்டர் வேற. சிங்கிள் ஃபோகஸ் மோடுல ஒரு தடவ லாக் ஆனா ஆனதுதான், நீங்க அமுக்குறதுக்குள்ள அவன் ரெண்டு எட்டு முன்னாடி வந்துடுவான். ஆள் நகர நகர தொடர்ந்து ஃபோகஸ் பண்ற மோடு வைங்க: நிக்கான், சோனினா ஏஎஃப்-சி, கேனான்னா சர்வோ. ஒரே பாயிண்ட்ட வச்சுகிட்டு மல்லுக்கட்டாம சோன் மாதிரி கொஞ்சம் பெரிய ஏரியா வைங்க. ஆனா அதுக்கு முன்னாடி கெட்டுப்போன படத்த ஒருதடவ பாருங்க: பையன் ஒரு பக்கமா இழுத்த மாதிரி இருந்தா அது ஷட்டர் வேகப் பிரச்சனை, 1/500 செகண்டு இல்ல அதவிட வேகமா வைங்க. இழுப்பு இல்லாம மொழுமொழுன்னு இருந்து, முன்னாடியோ பின்னாடியோ இருக்குற புல்லு மட்டும் ஷார்ப்னா அதுதான் ஃபோகஸ் மிஸ். நானே இது தெரியாம ரொம்ப நாள் மோடு மாத்தி மாத்தி மண்டைய ஒடச்சிருக்கேன்.

பதில் 3:
பேக் பட்டன் ஃபோகஸ, அதாவது ஷட்டர் பட்டனுக்கு பதிலா பின்னாடி இருக்குற பட்டன்ல ஃபோகஸ் பண்றத, யாரும் சொல்லலையே? சர்வோவுலயே வச்சுக்கலாம், பட்டன அமுக்கி புடிச்சா ஃபாலோ பண்ணும், விட்டா அங்கயே நிக்கும்.

பதில் 1:
நல்லதுதான் அண்ணா, ஆனா அதுலயும் பட்டன விட்டுட்டு திருப்புனா மறுபடி காதுதான் 😄

கேள்வி கேட்டவர்:
பாயிண்ட்ட நகத்தி எடுத்தேன், கண்ணு கச்சிதமா வருது, ரொம்ப தேங்க்ஸ்! இழுத்த மாதிரி இருந்ததும் நெறைய இருந்துச்சு, ஷட்டர் 1/125ல கெடந்திருக்கு. ஒரே டவுட்டு, சர்வோல வச்சா பீப் சத்தமே வரல, ரிப்பேரா?

பதில் 2:
ரிப்பேர்லாம் இல்லப்பா. அதுல லாக்குனு ஒண்ணு கெடையாதுல்ல, தொடர்ந்து தேடிக்கிட்டே இருக்கும், அதான் பீப் வராது. தைரியமா அமுக்குங்க.