அயனி மாசூட்டலா, அயனி ஊன்றலா?

வணக்கம் நண்பர்களே,

படிகத்தில் வேற்றணுக்களைச் சிறிதளவு சேர்த்து அதன் மின்கடத்தலை மாற்றுவதை (doping) மாசூட்டல் என்கிறோம். அந்தச் சொல்லோடு எனக்குச் சண்டை இல்லை. பாடப்புத்தகத்தில் ஏறிவிட்டது, 'மாசு' காதுக்கு உறுத்துகிறது என்று இப்போது மாற்றப் போனால் பழையதும் நிற்காது, புதியதும் நிற்காது. அதோடு மாசு என்றாலே கெட்டது என்றும் இல்லை: நீல வைரத்துக்கு நிறம் தருவதே போரான் மாசுதான், ஹோப் வைரம் மின்சாரம் கடத்துவதும் அதனால்தான்.

இடிப்பது 'அயனி மாசூட்டல்' என்று இரண்டையும் ஒட்டுவது. அயனியை ஆயிரக்கணக்கான வோல்ட்டில் முடுக்கிப் படிகத்துக்குள் அடிப்பது (ion implantation) ஒரு செயல், அது மாசூட்டலாக முடிகிறதா என்பது அப்புறம் தெரிகிற விஷயம். போரான் அயனி வைரத்துக்குள் போகும்போது வழியில் உள்ள கார்பன் அணுக்களை இடம்பெயர்த்துக்கொண்டே போகிறது. கடைசியில் அது ஒரு கார்பனின் இடத்தில் போய் உட்கார்ந்தால்தான் மின்துளை, அதாவது மின்சாரத்தைச் சுமக்கும் எலக்ட்ரான் காலியிடம், கிடைக்கும், இடுக்கில் சிக்கினால் பயனில்லை. உட்கார வைக்கவும் சிதைவை ஆற்றவும் சூடாக்குகிறார்கள். சிலிக்கன் இந்த விஷயத்தில் சாது, உருக்குலைந்த அடுக்குகூட 600 டிகிரி செல்சியஸ் வாக்கில் மறுபடி படிகமாகிவிடும். வைரம் அப்படியில்லை. சிதைவு ஓர் அளவைத் தாண்டிவிட்டால் சூடாக்கியதும் கிராபைட்டாகிவிடும், கிராபைட்டோ நன்றாகவே மின்சாரம் கடத்தும்! ஆக மீட்டரில் மின்னோட்டம் தெரிந்தது என்பதால் மாசூட்டிவிட்டோம் என்று சொல்ல முடியாது. போரானே வேண்டாம், கார்பன் அயனியையே போதுமான அளவு அடித்தாலும் வைரம் கடத்தும். அதில் மாசு எங்கே இருக்கிறது?

அதனால் செயலுக்குத் தனிச்சொல் வேண்டும். 'பதித்தல்' முதலில் தோன்றும், ஆனால் வைரத்தோடு சேர்த்து எழுதினால் நகைக்கடை வேலையாகிவிடும். 'உட்செலுத்தல்' ஊசி மருந்துக்குப் போய்விட்டது. 'அயனி ஊன்றல்' என்று வைக்கலாமே. நிலக்கடலை விதையைக் குறித்த ஆழத்தில் ஊன்றுகிறோம், முளைப்பது வேறு கதை. இங்கேயும் ஆழத்தைத் தீர்மானிப்பது அயனியின் ஆற்றல்தான், ஊன்றியதெல்லாம் மின்துளை தந்துவிடாது.

பிறகு கூட்டுச்சொற்கள் எளிதாக வரும்: ஊன்றல்வழி மாசூட்டல், ஊன்றல் சிதைவு, ஊன்றல் ஆழம். வேதியாவிப் படிவு (CVD, வாயுவிலிருந்து கார்பனைப் படியவைப்பது) முறையில் வைரத்தை வளர்க்கும்போதே போரான் சேர்ப்பதை 'வளர்ப்புவழி மாசூட்டல்' என்று பிரித்துச் சொல்லவும் வசதி.

ஊன்றிய பிறகு சூடாக்குவதற்கு மட்டும் எனக்கு நல்ல சொல் கிடைக்கவில்லை. 'பதப்படுத்தல்' என்றால் ஊறுகாய் ஞாபகம் வருகிறது. 'சூட்டாற்றல்' என்றால் வெப்ப ஆற்றலோடு குழம்பும். பட்டறையில் இரும்பைக் காய்ச்சி மெதுவாக ஆறவிடுவதற்கு உங்கள் ஊரில் என்ன சொல்கிறார்கள்?