துஷ்டி (சாவு) அறிவிப்பில் ‘எக்ஸ்பயர்ட்’ போடலாமா?

கல்குளத்தான்:
பாட்டாவின் நினைவு ஆராதனைக்கு கார்டு அடிக்கணும். தமிழில் ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்று போட்டாச்சு. வெளிநாட்டுப் பேரப்பிள்ளைகளுக்காக ஆங்கிலப் பக்கமும் வேண்டும். மார்த்தாண்டத்தில் அச்சகத்தார் பெயருக்கு முன் ‘லேட்’, பின்னால் ‘எக்ஸ்பயர்ட்’ என்று அடித்துத் தந்திருக்கிறார்கள். சரிதானா?

நாஞ்சில் வாத்தியார்:
இரண்டையும் எடுத்துவிடுங்கள் தம்பி. ‘எக்ஸ்பயர்’ என்றால் மூச்சை வெளிவிடுவது. ஆஸ்பத்திரிக் குறிப்பேட்டில் ‘இறந்தார்’ என்ற பொருளில் அது இன்னும் இருக்கிறது. ஆனால் வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அந்தச் சொல் பாஸ்போர்ட்டுக்கும் பால் பாக்கெட்டுக்கும் உரியது. ‘லேட் இன்னார் பாஸ்ட் அவே’ என்றும் எழுதக்கூடாது. இறந்தபோது அவர் ‘லேட்’ ஆகியிருக்கவில்லை. ‘இன் லவ்விங் மெமரி ஆஃப்’ என்று தொடங்கி, கீழே பெயரும் பிறந்த, இறந்த தேதிகளும் போட்டால் போதும். வினைச்சொல் வேண்டுமென்றால் ‘டைட்’ (died, இறந்தார்) அல்லது ‘பாஸ்ட் அவே’. ‘பாஸ்ட் அவுட்’ என்று மாறிவிட்டால் மயங்கி விழுந்தார் என்று ஆகிவிடும். ‘டெமைஸ்’ (மரணம்) என்பதைப் பெயர்ச்சொல்லாகத்தான் எழுதுவது வழக்கம், ‘டெமைஸ்ட்’ என்று வினையாக்கி இங்கே பலர் எழுதுகிறார்கள், அதைத் தவிர்க்கலாம். பொதுவாக நோயால் என்றால் ‘டைட் ஆஃப்’, காயத்தால் என்றால் ‘டைட் ஃப்ரம்’.

வேதப்பாடம்:
தமிழ் வரிக்கு நேர் ஆங்கிலம் ‘ஃபெல் அஸ்லீப் இன் த லார்ட்’. 1 தெசலோனிக்கேயர் 4-இல் பவுல் சொல்லும் நித்திரைதான் இது. சபை அறிவிப்பில் அழகாகப் பொருந்தும். ‘புரொமோட்டட் டு குளோரி’ இரட்சணிய சேனையின் வழக்கு, அந்தச் சபையார் இல்லையென்றால் தவிர்க்கலாம். ‘கேவ் அப் த கோஸ்ட்’ மட்டும் வேண்டவே வேண்டாம். மாற்கு 15:37-இல் ‘ஜீவனை விட்டார்’ என்பதற்குப் பழைய ஆங்கில வேதாகமம் எழுதியது அதுதான், ஆனால் இன்று பழுதான மோட்டாருக்கும் ஃப்ரிட்ஜுக்கும் அதைச் சொல்கிறார்கள். செத்துப்போவதைக் கொச்சையாகச் சொல்லும் ‘கிக் த பக்கெட்’ 1785-லேயே கொச்சைச்சொல் அகராதியில் ஏறியது. துக்க வீட்டுக்கு ஆகாது.

வடசேரி நர்ஸ்:
வெளிநாட்டு வேலைக்குப் போகும் நர்ஸ் பிள்ளைகள் கவனிக்கணும். கார்டில் இருக்கும் மென்மை வார்டில் ஆபத்து. ‘வீ லாஸ்ட் ஹிம்’ என்றால் ஆளைக் காணோம் என்று சிலர் புரிந்துகொள்வார்கள். முதலில் ‘ஐ ஹேவ் பேட் நியூஸ்’ என்று சொல்லி, சற்று நிறுத்தி, ‘ஹி ஹேஸ் டைட்’ என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, அவர்கள் பேசும்வரை அமைதியாக இருக்கணும். சின்னப் பிள்ளையிடம் ‘தூங்கிட்டார்’ என்று எந்த மொழியிலும் சொல்லாதீர்கள். ராத்திரி படுக்கவே பயப்படும். ‘புட் டு ஸ்லீப்’ என்பது பிராணிகளை ஊசி போட்டுச் சாகவிடுவது.

குளச்சல் கரை:
கடற்கரை ஊர்க்காரர்களுக்கு ஒன்று. ‘லாஸ்ட் அட் ஸீ’ என்பது பொதுவாக உடல் கிடைக்காதவர்களுக்கு. கரைக்கு உடல் வந்திருந்தால் ‘டிரவுண்ட்’ (மூழ்கி இறந்தார்). 2017 ஒக்கிப் புயலில் காணாமல் போனவர்களைப் பற்றிய மனுவில் ‘மிஸ்ஸிங்’ என்பதும் ‘டெட்’ என்பதும் சட்டத்தில் வேறு வேறு. உயிரோடிருந்தால் தகவல் அறிந்திருக்க வேண்டியவர்களுக்கு 7 ஆண்டு எந்தத் தகவலும் இல்லையென்றால்தான் சாட்சியச் சட்டப்படி இறந்ததாகக் கொள்ளலாம். அதுவரை ‘மிஸ்ஸிங்’ என்றே வீட்டார் எழுதலாம். மரணத் தேதிக் கட்டத்தில் புயல் நாளை ஊகமாக நிரப்பக் கூடாது.