1,940 மணி ஓடிய மாஸ்ஸி டிராக்டராம்: ஏல யார்டு மீட்டரை நம்புகிறவர்கள் இங்கே வரவும்

கட்டைவண்டி:
நேற்று இந்தக் குழுவில் "ஏலம் ஒருதரம்" தம்பி ஒரு பதிவு போட்டிருந்தார். 2008 மாடல் மாஸ்ஸி 1035, தவணை கட்டாத வண்டிகளைப் பிடித்து நிறுத்தும் ஃபைனான்ஸ் யார்டு ஏலத்தில் 1 லட்சத்து 62 ஆயிரத்துக்கு எடுத்தாராம். இன்ஜின் ஓடிய நேரம் காட்டும் மீட்டரில் 1,940 மணிதானாம். அதோடு நிறுத்தியிருந்தால் நானும் ஒரு வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போயிருப்பேன். "புரோக்கரைப் பிடித்து, வீட்டு வாசலில் காபி குடித்து டிராக்டர் வாங்குகிறவன் எல்லாம் ஏமாளி" என்று கடைசியில் ஒரு வரி. 31 வருஷமாக டிராக்டரைப் பிரித்து மாட்டுகிறவன் கேட்கிறேன், அந்த 1,940 எங்கிருந்து வந்தது?

அவர் போட்ட படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கிளட்ச் பெடலில் வரிவரியாக இருக்க வேண்டிய இரும்பு தேய்ந்து வழுக்கைத் தலை மாதிரி மின்னுகிறது. கலப்பை மாட்டும் லோயர் லிங்கில் இரும்புக் குண்டு உட்காரும் ஓட்டை வட்டமாக இல்லை, முட்டை மாதிரி இழுத்துக்கொண்டு நிற்கிறது. மீட்டர் மட்டும் நேற்றுக் கடையில் வாங்கியது போல. அதைச் சுற்றி டேஷ் தகரத்தில் பழைய பெயின்ட் வட்டம் ஒன்று தெரிகிறது. அந்த வட்டமும் இந்த மீட்டரும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. 1,940 மணியில் இதெல்லாம் நடக்குமா?

ஏலம் ஒருதரம்:
அண்ணே, வண்டியைத் தொட்டுப் பார்த்தவன் நான். நீங்கள் போட்டோ பார்த்து ஜாதகம் சொல்கிறீர்கள். முதல் ஓனர் பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருந்தவர். வாடகைக்கு விட்டதே இல்லை. வருஷத்துக்கு இரண்டு தடவை தோப்புக்குள் உழவு, அப்புறம் தேங்காய் ஏற்றுவது, அவ்வளவுதான். 1,940-ஐ 17-ஆல் வகுத்துப் பாருங்கள், வருஷத்துக்கு 114 மணி. கணக்கு இடிக்கிறதா?

கட்டைவண்டி:
கணக்கு இடிக்கவில்லை தம்பி, கதைதான் இடிக்கிறது. 2008-இல் புது வண்டிக்குப் போட்ட கடன் எப்போதோ முடிந்திருக்கும். இப்போது ஃபைனான்ஸ்காரர் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார் என்றால், வண்டி கை மாறி, யாரோ அதன் மேல் மறுபடி ஃபைனான்ஸ் போட்டிருக்கிறார். தவணை கட்ட முடியாத அளவுக்குக் கஷ்டப்பட்டவர் வண்டியைக் கொட்டகையில் நிறுத்தி மாலை போட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தாரா? ராத்திரி பகல் பாராமல் வாடகை ஓட்டியிருப்பார். தென்னந்தோப்புக் கதை முதல் ஓனருடையது. 1,940 யாருடையது?

புதுசா வந்தவன்:
வணக்கம் அண்ணன்களே. முதலில் ஒரு சந்தேகம். "மலிவு" என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? வாங்கும் விலையா, வேலை செய்து ரோட்டில் இறக்கும்வரை ஆகும் மொத்தச் செலவா? எத்தனை வருஷம் ஆனால் "பழைய வண்டி"?

ஏலம் ஒருதரம்:
முதல் ஓனரும் இரண்டாவது ஓனரும் சொந்தக்காரர்கள். இரண்டாவது ஆளும் வாடகை ஓட்டவில்லை. யார்டு ஆளே சொன்னார்.

கட்டைவண்டி:
யார்டு ஆளே சொன்னாரா! அப்போ சரி, கல்வெட்டில் வெட்டிவிடலாம்.

ஆர்டிஓ வாசல்:
மீட்டரைக் கொஞ்சம் விடுங்கள். 2008 வண்டி என்றால் 15 வருஷ ஆர்சி, அதாவது பதிவுச் சான்று, 2023-லேயே முடிந்திருக்கும். புதுப்பித்திருக்கிறதா? இல்லையென்றால் படிவம் 25, எஃப்சி என்கிற தகுதிச் சான்று, தாமதக் கட்டணம் எல்லாம் எடுத்தவர் தலையில். ஃபைனான்ஸ் ஏலமானால் பெயர் மாற்றத்துக்கு 29, 30, கடன் பதிவை நீக்க 35. மணல் வண்டி மாதிரி அரசு பிடித்து ஏலம் விட்டது என்றால் படிவம் 32. இது தெரியாமல் இரண்டையும் குழப்பிக்கொண்டு மாதக்கணக்கில் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். டிரெய்லரும் சேர்த்து எடுத்தீர்களா? அதற்குத் தனி நம்பர், தனி ஆர்சி. இன்ஜின் நம்பர், சேசிஸ் நம்பரைத் தேய்த்துப் பார்த்தீர்களா?

சேத்துழவு:
மன்னார்குடியிலிருந்து. நானும் போன வருஷம் குறுவை அறுப்பு முடிந்ததும் பக்கத்து ஊர்க்காரரிடம் நேரடியாகத்தான் வாங்கினேன். ஸ்வராஜ் 735. மீட்டர் வேலையே செய்யவில்லை, அதை அவரே சொல்லிவிட்டார். நான்கு நாள் என் வயலிலேயே ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுத்தேன். ஏலத்தில் இது நடக்குமா? முன்பணம் கட்டினால் வெளியிலிருந்து எட்டிப் பார்க்கலாம். பாட்டரிகூட இருக்காது. "உள்ளது உள்ளபடி" என்று ஒரு வரி, அதற்குள் எல்லாமே அடக்கம்.

கட்டைவண்டி:
ஏலத்தைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் டெல்டா வண்டியை வாங்காதே என்பதும் என் பாலிசி. கேஜ் வீல் என்கிற இரும்புச் சக்கரம் மாட்டிச் சேற்றில் உழுத வண்டிக்கு ஆயுசு ஏது? சீல் போய், ஆக்சில் ஹவுசிங்குக்குள் சேற்றுத் தண்ணீர் இறங்கி, பிரேக் பெட்டியைத் திறந்தால் நண்டு ஓடும்.

சேத்துழவு:
நண்டு ஓடுமா? கோபியில் உட்கார்ந்துகொண்டு காவிரி அரிசியைத் தின்கிறவர் பேசுகிற பேச்சா இது? எங்கள் ஊரில் உழவு முடிந்ததும் வண்டியைக் கழுவி கிரீஸ் அடிக்காமல் கொட்டகையில் ஏற்ற மாட்டோம். உங்கள் பக்கம் செம்மண்ணில் புழுதி உழவு ஓட்டி, ஏர் ஃபில்டரில் எண்ணெய் மாற்றாமல், இன்ஜின் லைனர் தேய்ந்து, இன்ஜின் மூச்சுவிடும் பிரீதர் பைப்பில் ரயில் வண்டி மாதிரி புகை விடுகிற வண்டிகளை நான் பார்க்கவில்லையா? மன்னிப்புக் கேளுங்கள்.

கட்டைவண்டி:
கோபியிலும் நெல்தான் விளைகிறது. தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால் என்று கேள்விப்பட்டதுண்டா? அதை விடுங்கள், நான் பேசியது 1,940 பற்றி.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பழைய மாஸ்ஸியில் மீட்டர் கேபிளில் ஓடுகிறது. அது கடிகாரம் இல்லை. இன்ஜின் சுற்றுவதை எண்ணித்தான் மணி காட்டும். குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் ஓடினால்தான் அதன் ஒரு மணியும் நம் ஒரு மணியும் ஒன்று. ஐடிலில் நின்றால் எண் நகர்வதே தெரியாது. கேபிள் அறுந்தால் அதோடு நின்றுவிடும். அறுந்த கேபிளை உடனே மாற்றினவரை என் 31 வருஷ அனுபவத்தில் நான் கண்டதில்லை. இதில் 1,940 என்பது கேபிள் அறுந்த தேதியா, மீட்டர் மாற்றிய பிறகு ஓடியதா? படத்தில் மீட்டருக்கு நான்கு கட்டம்தான் இருக்கிறது. 9,999 தாண்டினால் மறுபடி பூஜ்யம். 11,940 ஆகவும் இருக்கலாமே தம்பி!

ஏலம் ஒருதரம்:
11,940 மணி ஓடிய வண்டி, இன்ஜினில் கை வைக்காமலேயே ஒரே சுற்றில் ஸ்டார்ட் ஆகுமா? பாட்டரி கொண்டுபோய் மாட்டினேன், டப்பென்று எடுத்தது. சிம்சன் இன்ஜின், சத்தமே சங்கீதம். ஆயிலைத் தொட்டுப் பார்த்தேன், தண்ணீர் கலந்த பால் நிறம் இல்லை. 1,940-தான். நீங்கள் ஏன் எரிகிறீர்கள் என்று இந்தக் குழுவில் எல்லோருக்கும் தெரியும். ஏலத்தில் எல்லோரும் எடுக்க ஆரம்பித்தால் வண்டி பார்த்துச் சொல்ல நீங்கள் வாங்கும் 2,000 ரூபாய் வராது.

இதையும் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் உங்களிடம் வாங்கிய, மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர். 6 அடி, 42 பிளேடு என்றீர்கள். இறக்கி எண்ணினால் 36. ஆறு பிளேடு எங்கே அண்ணே? மீட்டரை எண்ணத் தெரிந்தவருக்கு பிளேடு எண்ணத் தெரியாதா?

கட்டைவண்டி:
ரோட்டவேட்டரை லோடு ஏற்றும்போது உங்கள் டிரைவர் எண்ணிப் பார்த்து, தலையாட்டிவிட்டுத்தான் போனார். ஆறு பிளேடு வழியில் எந்தக் கல்லில் போனதோ எனக்கெப்படித் தெரியும்? பேச்சை மாற்றாதீர்கள். 1,940.

எச்எம்டி பக்தன்:
இவ்வளவு சண்டைக்கு நடுவில் ஒரு நல்ல விஷயம் சொல்கிறேன். உண்மையான மலிவு வேண்டுமா? எச்எம்டி 3522 எடுங்கள். செக்கோஸ்லோவாகியா ஜீட்டர் கம்பெனி கூட்டில் 1971-இல் ஹரியானா பிஞ்சோரில் ஆரம்பித்த வம்சம். 2016-இல் டிராக்டர் பிரிவையே மூட முடிவு செய்துவிட்டார்கள். அதனால்தான் இன்று ஆள் சீண்டாமல் கிடக்கிறது, கேட்ட விலைக்குத் தருவார்கள். இரும்பு என்றால் அது இரும்பு.

சேத்துழவு:
இரும்பு சரி. ஸ்பேர் எங்கே வாங்குவது, பழைய இரும்புக் கடையிலா?

எச்எம்டி பக்தன்:
ஆமாம், அங்கேதான். இரண்டு வண்டி வாங்கி ஒன்றைப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். நான் அப்படித்தான் செய்கிறேன். இரண்டும் சேர்த்தும் இவர் எடுத்த மாஸ்ஸியைவிடக் குறைவு.

கட்டைவண்டி:
மலிவு வண்டிக்கு ஸ்பேராக இன்னொரு மலிவு வண்டி! ஐயா, உங்களை மாதிரி நான்கு பேர் இருந்தால் போதும், கம்பெனியை மறுபடி திறந்துவிடலாம்.

ஆர்டிஓ வாசல்:
ஆர்சி புதுப்பித்திருக்கிறதா என்று கேட்டேன். இன்னும் பதில் இல்லை.

புதுசா வந்தவன்:
என் கேள்வியும் அப்படியே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை உடுமலைப் பக்கம் ஒரு வண்டி பார்க்கப் போகிறேன். 2011 மாடல், 2 லட்சத்து 40 சொல்கிறார். செப்டம்பர் 2025-இல் டிராக்டர் ஜிஎஸ்டி 12-லிருந்து 5 ஆனதில் புது வண்டி விலையே இறங்கியிருக்கிறது. அதைச் சொல்லிக் குறைத்துக் கேட்கலாமா?

கட்டைவண்டி:
கேளுங்கள், தப்பில்லை. ஆனால் போகிற நேரத்தை முன்கூட்டிச் சொல்லாதீர்கள். போனதும் முதல் வேலை இன்ஜினில் கை வைப்பது. சூடாக இருந்தால் உங்களுக்காக ஏற்கெனவே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார், காலையில் குளிர்ந்த இன்ஜினில் எடுக்காத வண்டி என்று அர்த்தம். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளங்கையை வையுங்கள். குபுகுபுவென்று காற்று தள்ளினால் பிஸ்டன் ரிங் செலவு இருக்கிறது. ரோட்டவேட்டரைத் தூக்கி நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட்டு ஒரு டீ குடியுங்கள். டீ தீர்வதற்குள் அது தரையைத் தொட்டால் ஹைட்ராலிக் போச்சு. முன் ஆக்சிலை ஜாக்கி போட்டுத் தூக்கிச் சக்கரத்தை ஆட்டினால் சென்டர் பின் லட்சணம் தெரியும். டயரில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு இலக்கம் தயாரித்த வாரம், அடுத்த இரண்டு தயாரித்த வருஷம். பட்டை நன்றாக இருக்கிறதே என்று பத்து வருஷ டயருக்குப் பணம் கொடுக்காதீர்கள். இதில் ஒன்றையாவது யார்டில் செய்ய விடுவார்களா? மீட்டரை மட்டும் எட்டிப் பார்க்க விடுவார்கள். 1,940!

ஏலம் ஒருதரம்:
இவ்வளவும் பார்த்து 2 லட்சத்து 40-க்கு எடுங்கள் தம்பி. நான் 1 லட்சத்து 62-க்கு எடுத்தேன். மிச்சம் 78 ஆயிரம். இன்ஜினே பிரித்து மாட்டினாலும் எனக்கு லாபம்தான்.

கட்டைவண்டி:
ஓ, இப்போது இன்ஜின் பிரிக்கும் பேச்சு வருகிறதே? 1,940 மணி ஓடிய வண்டிக்கு எதற்குத் தம்பி இன்ஜின் வேலை?

ஏலம் ஒருதரம்:
ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

சேத்துழவு:
நண்டு விஷயத்துக்கு இன்னும் மன்னிப்பு வரவில்லை.

கட்டைவண்டி:
ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

ஏலம் ஒருதரம்:
நேற்று சோளக்காட்டில் ஒன்பது கொழுக் கலப்பை மாட்டி ஏழு மணி நேரம் உழுதாயிற்று. ஒரு சொட்டு ஆயில் கசியவில்லை. இன்றைக்கு மீட்டரில் 1,946. படம் போட்டிருக்கிறேன், பெரிதாக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். மீட்டர் ஓடுகிறது.

கட்டைவண்டி:
ஓடுவது எனக்கும் தெரிகிறது. ஏழு மணி உழுததற்கு ஆறுதான் ஏறியிருக்கிறது, அதையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 17 வருஷத்துக்கு எத்தனை விட்டிருக்கும்?

ஏலம் ஒருதரம்:
உங்கள் ரோட்டவேட்டர் விட்ட ஆறைவிடக் குறைவுதான்.

ஆர்டிஓ வாசல்:
ஆர்சி?