'நீலக்கடல்' ஆறு எழுத்தா, ஒன்பதா? படகுப் பெயர் ஸ்டிக்கர் கருவியில் எழுத்து உடைகிறது, உதவி தேவை

தண்டையார்பேட்டை-தம்பி (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். காசிமேட்டில் என் மாமா ஸ்டிக்கர் கடை வைத்திருக்கிறார். பைக் ஸ்டிக்கர், கடை போர்டு எல்லாம் செய்வார், ஆனால் சோறு போடுவது படகுப் பெயர்தான். இப்போது தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாததால் எல்லாம் பெயின்ட் அடித்துக்கொண்டு நிற்கின்றன. ஜூன் 14க்குள் எல்லாருக்கும் பெயர் ஒட்டியாக வேண்டும். கடையில் கூட்டம் தாங்கவில்லை.

அதனால் ஒரு சின்ன வலைப்பக்கம் எழுதிக் கொடுத்தேன். படகுக்காரர் போனில் பெயரைத் தட்டினால் போதும். நிறம், உயரம் தேர்ந்தெடுக்கலாம், படகில் எப்படித் தெரியும் என்று பார்க்கலாம், விலையும் வரும். வெறும் ஜாவாஸ்கிரிப்ட், படம் வரைவது கேன்வாஸில். ஃபிரேம்வொர்க் எதுவும் இல்லை.

இரண்டு சிக்கல்.

கேபின் பக்கவாட்டில் ஒட்டுவதற்குப் பெயரை மேலிருந்து கீழாக, ஒரு வரிக்கு ஒரு எழுத்தாக வரைகிறேன். 'நீலக்கடல்' என்று கொடுத்தால் முதல் வரியில் வெறும் 'ந' வருகிறது. அடுத்த வரியில் புள்ளிபுள்ளியாக ஒரு வட்டம், அதன் தலையில் ஈகாரக் குறி.

விலை எழுத்துக் கணக்கு. நான் லெங்த் (கணினி சொல்லும் நீளம்) எடுத்துப் பெருக்குகிறேன், 9 என்று வருகிறது. மாமா விரல் விட்டு எண்ணினால் 6. நேற்று ஒருவர் விலையைப் பார்த்துவிட்டு, "புள்ளிக்கெல்லாம் தனியா காசா நைனா?" என்று கேட்டுவிட்டுப் போனார். மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

ஃபான்ட் கோளாறு என்று நினைத்து மூன்று தமிழ் ஃபான்ட் மாற்றிப் பார்த்தேன், பயனில்லை. வேறோர் இடத்தில் கேட்டதற்கு "முதலில் தேடிப் பார்த்துவிட்டு வா" என்றார்கள். எதைத் தேடுவது என்றே தெரியவில்லை, அதனால்தான் இங்கே.

ஓட்டேரி-நரி

ஸ்பிளிட் கட்டளை போட்டுப் பெயரை உடைக்கிறாயா? அதை எடுத்துவிட்டு அர்ரே ஃபிரம் கட்டளை போடு, அல்லது மூன்று புள்ளி வைத்து விரி. எமோஜி இரண்டாக உடைந்தபோது எனக்கு அதுதான் கைகொடுத்தது.

தண்டையார்பேட்டை-தம்பி

போட்டேன் அண்ணே. அதே 9தான்.

மின்ட்-தெரு-அக்கா

நரி சொன்னது எமோஜிக்குச் சரி, தமிழுக்கு உதவாது. எமோஜி உள்ளே இரண்டு அலகாகச் சேமிக்கப்படுவதால் அந்த வைத்தியம் வேலை செய்கிறது. தமிழில் ஒவ்வொரு குறியீடும் ஓர் அலகுதான். நம் சிக்கல் என்னவென்றால், நாம் ஓர் எழுத்து என்று சொல்வது யூனிகோடில் (எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் தரம்) பல குறியீடு.

தம்பி, பிரவுசரின் கன்சோலைத் திறந்து 'நீ' என்பதன் ஒவ்வொரு துண்டுக்கும் கோட் பாயின்ட்டை, அதாவது யூனிகோட் எண்ணை அச்சிட்டுப் பார். 2984, 3008 என்று இரண்டு வரும். முதலாவது ந, இரண்டாவது ஈகாரக் குறி. 'க்' என்றால் 2965, 3021, அதாவது கவும் புள்ளியும். ஆக நீலக்கடலில் ந, ீ, ல, க, ், க, ட, ல, ் என்று ஒன்பது. கணினி பொய் சொல்லவில்லை, அது வேறு எதையோ எண்ணுகிறது. அந்தப் புள்ளி வட்டமும் பிழையில்லை. தாங்க ஓர் எழுத்து இல்லாமல் குறி மட்டும் வந்தால் ஃபான்ட் அந்த வட்டத்தை வைத்துக் காட்டும்.

247 எழுத்துக்கும் தனித்தனி இடம் இருந்தால் இந்தத் தொல்லை இல்லையே என்று தோன்றும். அந்தச் சண்டை நம் ஊரில் பல வருஷம் நடந்தது. யூனிகோட் தமிழ்ப் பகுதி இஸ்கி என்ற இந்தியத் தரத்தைப் பார்த்து 1991இலேயே அமைந்துவிட்டது, மற்ற உயிர்மெய்யை அகர எழுத்தின் மேல் குறி ஏற்றித்தான் எழுத வேண்டும். சரி, விடு.

உனக்கு வேண்டியது இன்ட்டல் செக்மென்ட்டர், எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும் கருவி. பிரவுசரிலேயே இருக்கிறது, எதையும் இறக்க வேண்டாம். மொழி 'தமிழ்', அளவு 'கிராபீம்' (கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரிவது) என்று கொடுத்து உருவாக்கு, பெயரைக் கொடு, திரும்பி வரும் துண்டுகளை எண்ணு. வரைவதும் அந்தத் துண்டுகளை வைத்தே. ஆறு வரும்.

அப்புறம், நீ கேள்வி கேட்ட விதம் நன்றாக இருந்தது. எந்தப் பெயர், என்ன வந்தது, என்ன வர வேண்டும், என்ன முயன்றாய், எல்லாம் சொல்லியிருக்கிறாய். உன்னைத் தேடச் சொல்லி அனுப்பியவர்களைப் பற்றிக் கவலைப்படாதே.

தண்டையார்பேட்டை-தம்பி

அக்கா, ஆறு வந்துவிட்டது! 'நீ' முழுசாக நிற்கிறது. நன்றி நன்றி. மாமா டீ வாங்கிக் கொடுத்தார்.

தண்டையார்பேட்டை-தம்பி

டீ ஆறுவதற்குள் திரும்பி வந்துவிட்டேன். என் போனில் சரியாக ஓடுகிறது. கடைக் கம்ப்யூட்டரில் பக்கம் மொத்தமாக வெள்ளை. செக்மென்ட்டர் என்று ஒன்றே இல்லை என்கிறது.

பெரம்பூர்-லோகோ

அந்தக் கம்ப்யூட்டரில் என்ன விண்டோஸ், என்ன பிரவுசர்?

தண்டையார்பேட்டை-தம்பி

விண்டோஸ் 7. வெட்டும் மெஷினுக்கான சாஃப்ட்வேர் அதில்தான் ஓடுகிறது, மாற்ற விடமாட்டார். பிரவுசர் ஃபயர்பாக்ஸ் 115.

பெரம்பூர்-லோகோ

அதுதான் விஷயம். குரோமில் செக்மென்ட்டர் 2020இல் 87ஆம் பதிப்பிலேயே வந்துவிட்டது. ஃபயர்பாக்ஸில் 2024இல், 125ஆம் பதிப்பில்தான் வந்தது. ஆனால் விண்டோஸ் 7க்கு ஃபயர்பாக்ஸ் 115ஓடு நின்றுவிட்டது. அந்த மெஷினில் அது வரவே வராது. விண்டோஸ் 7இல் ஓடும் கடைசி குரோம் 109ஐப் போட்டால் வேலை செய்யும், ஆனால் இரண்டுமே பழைய சரக்கு. அதை நம்பி எழுதாதே, செக்மென்ட்டர் இல்லாவிட்டாலும் ஓடுகிற மாதிரி எழுது.

தமிழுக்கு மட்டும் என்றால் ஒரு வரி ரெஜெக்ஸ் (எழுத்து அமைப்பைத் தேடும் சூத்திரம்) போதும்:

[ஃ-ஹ][ா-்ௗ]*

ஃ முதல் ஹ வரை ஏதாவது ஓர் எழுத்து, அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு எத்தனை குறி வந்தாலும் சேர்த்து எடு என்று பொருள். ஜி கொடியோடு (எல்லாப் பொருத்தத்தையும் எடு என்ற குறிப்பு) மேட்ச் கட்டளை கொடுத்தால் எழுத்துகள் வரிசையாக வந்துவிடும். கடைசியில் ஒரு செங்குத்துக் கோடு போட்டு, அதன் பின் ஒரு புள்ளி வை. இல்லாவிட்டால் எண்ணும் இங்கிலீஷ் எழுத்தும் காணாமல் போகும். படகுக்குப் பதிவு எண் இருக்கிறதே.

ஓர் எச்சரிக்கை. எடிட்டரில் இந்தக் குறிகள் அடைப்புக்குறியின் மேலேயே ஏறி உட்கார்ந்து கண்றாவியாகத் தெரியும். வேறு யாராவது திறந்து தட்டிவிட்டால் போச்சு. அதனால் எழுத்தாக வைக்காமல் குறியீட்டு எண்ணாக எழுதி வை. ஃ 2947, ஹ 3001. குறிகள் 3006 முதல் 3021 வரை, கூட 3031. இவை தசம எண், ரெஜெக்ஸுக்குள் பதினாறடி (ஹெக்ஸ்) எண்ணாக மாற்றிப் போட வேண்டும்.

சூளை-சுட்டி

இவ்வளவு எதற்கு? ஓபன் தமிழ் என்று பைத்தான் தொகுப்பு இருக்கிறது. எழுத்துகளைப் பிரித்துக் கொடுக்கும் வேலை அதில் தயாராகவே இருக்கிறது.

தண்டையார்பேட்டை-தம்பி

பார்த்தேன் அண்ணே, நன்றாக இருக்கிறது. ஆனால் கடையில் நெட் அடிக்கடி போகும். எல்லாம் பிரவுசருக்குள்ளேயே முடிய வேண்டும். லோகோ அண்ணன் சொன்ன வரியைப் போட்டேன், ஓடுகிறது.

இன்னொன்று கேட்கலாமா? பழைய ஆர்டர்களைப் பெயரை வைத்துத் தேடும் வசதி வைத்திருக்கிறேன். 'கொற்றவை' என்ற படகு போன வருஷம் வந்தது. இப்போது மறுபடி வந்திருக்கிறார்கள், தேடினால் இல்லை என்கிறது. திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. அக்கா சொன்ன மாதிரி எண்களை அச்சிட்டேன். பழையதில் 2965, 3014, 3006 என்று தொடங்குகிறது. புதியதில் 2965, 3018.

மின்ட்-தெரு-அக்கா

கேட்பதற்கு முன் எண்ணை எடுத்துக்கொண்டு வந்தாய் பார், பாதி வேலை முடிந்தது.

பழையதில் கொம்பும் காலும் தனித்தனியாகத் தட்டப்பட்டிருக்கின்றன. புதியதில் ஒகரக் குறி ஒரே குறியீடு. இரண்டும் ஒன்றே என்று யூனிகோட் ஒப்புக்கொள்கிறது, ஆனால் நீ சமக்குறி போட்டு ஒப்பிட்டால் ஜாவாஸ்கிரிப்ட் ஒப்புக்கொள்ளாது. சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் நார்மலைஸ் செய், அதாவது ஒரே வடிவத்துக்குக் கொண்டு வா. என்எஃப்சி என்ற சேர்த்தெழுதும் வடிவம் போதும், இரண்டும் 3018 ஆகிவிடும். பழைய பட்டியல் முழுவதையும் ஒருமுறை அதில் ஓட்டி எடு.

ஆனால் அது தீர்க்காத ஒன்று உண்டு. 'ஔவை' என்று ஒரு படகாவது இருக்கும். பலர் ஒ தட்டி அதன் பக்கத்தில் ள தட்டுவார்கள். பார்வைக்கு ஒன்றுதான், ஆனால் உள்ளே 2962, 2995. சரியான ஔ 2964. இதை நார்மலைஸ் தொடாது, ஏனென்றால் யூனிகோடின் கண்ணில் அது 'ஒ', 'ள' என்ற இரண்டு நல்ல எழுத்து. நீ தானாக மாற்றவும் கூடாது. 'ஒளி' என்று பெயர் வைத்திருப்பவர் சண்டைக்கு வருவார். 'ஒளவை' என்று வந்தால் மட்டும் திருத்து, மற்றதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்.

ஓட்டேரி-நரி

என் தப்பையும் சேர்த்துக் கற்றுக்கொண்டேன். ஒரு சந்தேகம், 'மீனாக்ஷி' என்று கொடுத்தால்? எனக்கு செக்மென்ட்டரிலேயே க் தனி, ஷி தனி என்று வருகிறது.

பெரம்பூர்-லோகோ

வரும். மெய்க்குப் பின்னால் வரும் எழுத்தை ஒட்டவைக்கும் விதி தமிழுக்குக் கிடையாது. 2023இல் யூனிகோட் 15.1 தேவநாகரி, மலையாளம், தெலுங்கு போன்ற சிலவற்றுக்கு அப்படி ஒரு விதி கொண்டுவந்தது. தமிழை அதில் சேர்க்கவில்லை, சேர்க்காததே நல்லது. சேர்த்திருந்தால் 'பக்கம்' என்பதில் க்க ஓர் எழுத்தாகியிருக்கும். நமக்கு க்ஷவும் ஸ்ரீயும்தான் விதிவிலக்கு. ரெஜெக்ஸின் தலையில் சேர்த்துக்கொள்:

க்ஷ[ா-்ௗ]*|ஸ்ரீ|[ஃ-ஹ][ா-்ௗ]*

வரிசை முக்கியம். க்ஷ முதலில் இல்லாவிட்டால் பின்னால் இருக்கும் பகுதி 'க்' எழுத்தை மட்டும் முந்திக்கொண்டு எடுத்துவிடும். ஸ்ரீயை ஶகரம் போட்டும் எழுதுவார்கள், அதையும் இன்னொரு கோடு போட்டுச் சேர். பேசாமல் செக்மென்ட்டரை எடுத்துவிட்டு எல்லா இடத்திலும் இதையே வைத்துவிடு. ஒரே பெயருக்குப் போனில் ஒரு விலை, கடையில் ஒரு விலை என்று வந்தால் அசிங்கம்.

சூளை-சுட்டி

தம்பி, உன்னிடம் நிஜப் பெயர்கள் குவிந்திருக்குமே. எந்தப் பெயருக்கு எத்தனை எழுத்து என்று ஒரு பட்டியல் போட்டுத் தந்தால், இதே வேலை செய்கிறவர்கள் தங்கள் நிரலைச் சோதித்துப் பார்க்கலாம். இப்படிப் பட்டியல் தமிழுக்குக் கிடைப்பது அபூர்வம்.

தண்டையார்பேட்டை-தம்பி

தருகிறேன் அண்ணே. பதிவு எண், போன் நம்பர் எல்லாம் எடுத்துவிட்டு, பெயரும் எண்ணிக்கையும் மட்டும். கருவியின் நிரலையும் திறந்தே வைத்துவிடுகிறேன். முதல்முறை என்பதால் பார்த்துத் திட்டுங்கள்.

தண்டையார்பேட்டை-தம்பி

கடைசியாக ஒரு செய்தி. எல்லாம் சரியாக ஓடுகிறது என்று மாமாவிடம் பெருமையாகக் காட்டினேன். 'கொற்றவை' நான்கு எழுத்து, விலையும் சரி. அவர் பார்த்துவிட்டு, "கொ-வை ஒண்ணுன்னு போட்டிருக்க, மெஷின்ல மூணு துண்டா வெட்டி மூணையும் ஒட்டணும். கி-ன்னா ஒரே துண்டு. இது ரெண்டுக்கும் ஒரே விலையா?" என்கிறார். இத்தனை நாள் அவரே எழுத்துக் கணக்கில்தானே காசு வாங்கினார் என்று கேட்டேன். "கண்ணால பாத்துக் கூடக் குறைய சொல்லுவேன், உன் கம்ப்யூட்டருக்குத்தான் கண்ணு இல்லையே" என்றார்.

புள்ளிதான் இருப்பதிலேயே சின்னத் துண்டு. உப்புக் காற்றில் முதலில் உரிவதும் அதுதானாம். போன வருஷம் ஒரு படகு மூன்றே மாதத்தில் 'நீலக்கடல' ஆகி, வார்ப்பில் (படகுத் துறையில்) எல்லாரும் கடலை கடலை என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அதனால் ஒவ்வொரு பெயருக்கும் நான்கு புள்ளி உபரியாக வெட்டி, கவரில் போட்டு இலவசமாகக் கொடுக்கிறார்.

ஆக இப்போது எழுத்தை எண்ணினால் போதாது, துண்டை எண்ண வேண்டும். ஒ, ஓ, ஔ வரிசைக் குறிகளுக்கு மூன்று. எ, ஏ, ஐ வரிசைக்கு இரண்டு. ஆகாரக் காலுக்கு இரண்டு. புள்ளி இலவசம் என்பதால் மெய்க்கு ஒன்று. இ, ஈ, உ, ஊ ஒட்டியே வருவதால் ஒன்று. ஏதாவது விட்டுப்போயிருந்தால் சொல்லுங்கள்.

மின்ட்-தெரு-அக்கா

ஆய்தத்தை விட்டுவிட்டாய். அது மூன்று புள்ளி. மாமா அதையும் இலவசமாகக் கொடுப்பாரா என்று கேட்டுச் சொல்.